நெற்பயிரின் தண்டு வளர்ச்சியும் அதை ஆளும் மரபணுக்களும்

நாற்றங்கால் முதல் கதிர் முற்றும் வரையில் விவசாயி படும் பாடு அனைத்தையும் ஓரிரவுக் காற்றும் மழையும் வீணாக்கிவிடுவதுண்டு. பயிர் சாய்ந்து நீரில் படுத்துவிட்டால், பால் பிடிக்கும் மணி பதராகிறது. முற்றிய மணி கதிரிலேயே முளை விடுகிறது. அறுப்புச் செலவும் ஏறுகிறது. இந்நஷ்டத்திற்குக் காற்றை மாத்திரம் குறை கூறுவது பொருந்தாது. தண்டின் நீளமும் உறுதியுமே பயிர் நிற்பதையும் சாய்வதையும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. அந்த நீளம் எவ்வாறு அமைகிறது என்பதைத் தாவர சாஸ்திரிகள் நுட்பமாக ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அதன் சாரத்தை அறிந்திருப்பது, நிலத்துக்கேற்ற ரகத்தைத் தெரிந்தெடுக்க மிகவும் உதவும்.

தண்டு நீளும் இடம்

இளம்பயிரில் நாம் தண்டென்று கருதுவது உண்மையில் ஒன்றையொன்று சுற்றிய இலையுறைகளேயாகும். மெய்யான தண்டு அப்போது கணுக்கள் நெருங்கியதாய் அடியில் ஒடுங்கியிருக்கும். கதிர் உருவாகத் தொடங்கும் தருணத்தில்தான் கணுக்களுக்கு இடைப்பட்ட பாகங்கள் நீளுகின்றன. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே உயிரணுக்கள் பிரிந்து பெருகும் ஒரு சிறு பகுதியுண்டு. அதற்கு மேலுள்ள உயிரணுக்கள் நீளுகின்றன. இன்னும் மேலுள்ளவை நீளுவதை நிறுத்தி உறுதிப்படுகின்றன. ஆகவே, பயிரின் உயரமெல்லாம் கணுவின் மேலுள்ள இச்சிறு பகுதிகளிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

மரபணுவின் வேலையை அறியும் விதம்

பயிரின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுத் தொகுதி இருக்கிறது. எனினும், எல்லா மரபணுக்களும் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. கிராமக் கணக்கு ஒன்றேயாயினும், எந்தக் காரியத்துக்கு எந்தப் பதிவு தேவையோ அதற்கு மட்டும் நகல் எடுப்பது போல, அந்தந்த இடத்தில் தேவையான மரபணுவிலிருந்து மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்படுகிறது. தண்டைச் சிறு துண்டுகளாக அரிந்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த நகல் எவ்வளவு இருக்கிறதென்று அளந்தால், எந்த மரபணு எப்போது எங்கே இயங்குகிறதென்பது விளங்கும். 1987-ல் வெளியான வேறொரு முறையும் உண்டு. பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஒரு மரபணுவை, ஆராயும் மரபணுவின் இயக்குபகுதியுடன் இணைத்துப் பயிரில் சேர்த்துவிட்டால், அம்மரபணு இயங்குமிடம் சாயமேற்றும்போது நீலமாகத் தெரியும்.

உயரத்தை நீட்டும் சத்து

1926-ல் தைவானில் குரோசாவா என்னும் ஜப்பானியர், நாற்றுகளை அளவுக்கு மீறி நீட்டி மெலிவிக்கும் பக்கானே நோயை ஆராய்ந்தார். அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணம் கசியவிடும் பொருளே பயிரை நீட்டுகிறதென்று நிரூபித்தார். 1935-ல் அப்பொருளுக்கு யபுத்தா என்பவர் ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். இதைப் பயிரும் தன்னுள்ளே தானாகவே உற்பத்தி செய்துகொள்கிறது என்பது பின்னர் தெரியவந்தது.

1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்னும் குட்டை ரகம், உரமிட்டாலும் சாயாமல் நின்று பெருவிளைவு தந்ததை முதியோர் அறிவர். அதன் குட்டைத் தன்மை டீ-ஜியோ-ஊ-ஜென் என்னும் ரகத்திலிருந்து வந்தது. 2002-ல் அதன் காரணம் வெளியாயிற்று. ஜிப்பரெல்லின் செய்வதற்கு உதவும் எஸ்.டி. 1 என்னும் மரபணுவில் 383 எழுத்துக்கள் விடுபட்டிருந்தன. ஆகையால் தண்டில் ஜிப்பரெல்லின் குறைந்து, தண்டு குட்டையாகிறது. இவ்வேலையையே செய்யும் வேறொரு மரபணு பூவில் இயங்குவதால், கதிருக்குக் குறைவு நேருவதில்லை.

ஒரே மரபணு, இரு வேலை

இனி வியப்பான விஷயம் யாதெனில், குட்டை ரகத்தில் பழுதுபட்டிருக்கும் இதே மரபணு, வங்காள தேசத்து ஆழநீர் நெல்லில் மிகத் தீவிரமாக இயங்குகிறது. அந்நெல் வெள்ளத்தில் மூழ்கியதும், பழத்தைப் பழுக்க வைக்கும் எதிலீன் என்னும் வாயு தண்டில் அடைபட்டு, இம்மரபணுவைத் தூண்டிவிடுகிறது. தண்டு ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரையில் நீண்டு, இலையை நீருக்கு மேல் நிறுத்திவிடும். இதனை 2018-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தெளிவாக்கினர். தண்டு நீளுவதை முடுக்கும் ஒரு மரபணுவும் தடுக்கும் ஒரு மரபணுவும் உண்டென்பது 2020-ல் தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான உபாயமும் ஒன்றுண்டு. ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ ரகத்திலுள்ள சப்-1ஏ என்னும் மரபணு 2006-ல் கண்டறியப்பட்டது. மூழ்கிய பயிர் வீணாய் நீளாதபடி இது அடக்கி, சேமித்த மாவுச்சத்தைக் காப்பாற்றுகிறது. வெள்ளம் சுமார் இரண்டு வாரத்துக்குள் வடிந்தால் பயிர் மீண்டும் துளிர்க்கும். சுவர்ணா சப்-1, சி.ஆர். 1009 சப்-1 ஆகிய ரகங்கள் இவ்விதம் தயாரிக்கப்பட்டவை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஆகவே, உயரம் என்பது எல்லா நிலத்துக்கும் நன்மையோ தீமையோ அன்று. வடிகால் நன்றாயுள்ள நிலத்தில் குட்டை ரகமே உரத்தைத் தாங்கி நிற்கும். வெள்ளம் சில தினங்கள் தேங்கி வடியும் தாழ்ந்த வயலில் குட்டை ரகம் மாத்திரம் போதாது. சப்-1 சேர்ந்த ரகமே உத்தமம். அது மாதக்கணக்கில் தேங்கும் நீரைத் தாங்காது என்பதையும் நினைவிற் கொள்க. மாப்பிள்ளைச் சம்பா, வெள்ளைப் பொன்னி போன்ற உயர்ந்து வளரும் ரகங்களை அரிசிக்காகவும் வைக்கோலுக்காகவும் பயிரிடுவோர், யூரியாவை ஒரே தடவையில் அதிகமாய் இடுவதைத் தவிர்த்துப் பல தடவையாய்ப் பிரித்திடுதல் வேண்டும். தழைச்சத்து மிகுதியும் நெருக்கமான நடவால் உண்டாகும் நிழலும், அடிக்கணு இடைவெளிகளை நீட்டி மெலிவிப்பவை. சாம்பல் சத்தைக் குறைவின்றி இடுவது தண்டுக்கு உறுதி தரும்.

கிராம அதிகாரிகள் தத்தம் கிராமத்தில் எந்தெந்த வயல்களில் எத்தனை நாள் நீர் தேங்கி நிற்கிறதென்று ஆண்டுதோறும் குறித்து வைத்தல் நலம். ரகத்தைச் சிபாரிசு செய்வதற்கு அக்குறிப்பைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. விதை வாங்குமுன் அக்குறிப்புடன் அருகிலுள்ள வேளாண்மை அலுவலரை அணுகுவோர், பின்னர் சாய்ந்த பயிரையோ அழுகிய பயிரையோ கண்டு வருந்த நேருவது குறையும்.