ஆரஞ்சு விளக்குக்கு முன்னால் ஒரு நோட்டு

கொடைக்கானலில் ஒரு சிறிய மருத்துவமனையின் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. காலை 7 மணிக்கு அறையைத் திறந்ததும் முதலில் சத்தத்தைக் கேட்பேன். பிறகு விளக்குகளைப் பார்ப்பேன். கடைசியாக நீளக் கணக்கு நோட்டில் நான்கு விவரங்களை எழுதுவேன்: உள்ளே போகும் காற்றின் வெப்பம், ஃபேன்களின் வேகம், ஹார்டு டிஸ்க்குகளின் நிலை, யுபிஎஸ் பேட்டரி.

"இந்தக் குளிருக்கு மெஷின் எங்கே சூடாகப் போகுது?" என்று கேட்காதவர் இல்லை. சூடாகத்தான் செய்கிறது. சூட்டை அள்ளிக்கொண்டு போவது காற்று. 7,000 அடி உயரத்தில் அந்தக் காற்றே மெலிசு. சமவெளிக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் பல சர்வர்களின் கையேட்டில், சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வெப்ப வரம்பில் 1 டிகிரி கழிக்கச் சொல்லியிருப்பார்கள். நம் ஊருக்கு 4 டிகிரி போய்விடும். ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்றால், ஐப்பசி மேகம் அறைக்குள்ளேயே வந்து இரும்பில் ஈரம் பூத்துவிடும்.

நான்கு வருடங்களுக்கு முன் வரை நான் விளக்கை மட்டும் நம்பினேன். பச்சை எரிந்தால் நிம்மதி. ஒருநாள் ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு எரிந்தது. ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்படி 'ரெய்டு' முறையில் கோத்திருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் மழையில் மலைப்பாதை அடைபட்டு, மாற்று டிஸ்க் வந்துசேர 9 நாட்கள் ஆயின. இன்னொன்றும் போயிருந்தால் நோயாளிகளின் பதிவுகள் என்ன ஆகியிருக்கும் என்று அந்த 9 இரவும் எனக்குத் தூக்கமில்லை.

பிறகு சர்வரின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். பூண்டு உரிக்கும்போது சொத்தைப் பல்லைப் பிரித்து எடுத்துவிடுவோம். டிஸ்க்கும் அப்படித்தான்: கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு, கைவசமுள்ள மாற்று இடத்தில் எழுதும், எத்தனை ஒதுக்கினோம் என்று 'ஸ்மார்ட்' கணக்கில் குறித்தும் வைக்கும். அந்தக் கணக்கு மூன்று வாரமாக ஏறியிருந்தது: 0, 8, 24, 112. டிஸ்க் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

அன்று வாங்கியதுதான் இந்த நோட்டு. தொடர்ந்து குறித்துவைப்பதன் பலன் என்ன? இதே ஊரின் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் சில கரும்புள்ளிகள்தான் தெரியும். வருடக்கணக்கில் வரிசையாக வைத்தால், புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது தெரியும். சர்வரும் அப்படித்தான். நிமிடத்துக்கு 4,700 சுற்று என்ற ஃபேன் வேகம் தனியாக ஒன்றும் சொல்லாது. பக்கத்து ஃபேன்கள் 5,400-இல் நிற்க, இது மட்டும் 5,400, 5,100, 4,700 என்று இறங்கினால் பேரிங் தேய்கிறது. நிற்கும் முன்பே மாற்றிவிடலாம்.

எல்லாம் சொல்லிக்கொண்டு வராது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தன்னைத்தானே சோதிக்கும் ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் 60 நாட்களுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆனால் கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான முன்னறிகுறி எதையுமே காட்டவில்லை. ஆகவே தினமும் நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கிறேன். பீரோவில் ஒரு புது டிஸ்க்கும் இருக்கிறது.

உங்கள் கடைக் கணினிக்கும் இது பொருந்தும். மாதம் ஒருமுறை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் மென்பொருளில் 'ஸ்மார்ட்' பக்கத்தைத் திறந்து, ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கையைத் தேதியோடு எழுதுங்கள். அடுத்த மாதம் அதே எண் வந்தால் நல்லது. ஏறியிருந்தால் அன்றே நகல் எடுங்கள்.