உங்களுக்குத் தெரியுமா? கஜா சாய்த்த தென்னைகள்

2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் பல லட்சம் தென்னைகளைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த போகத்தில் ஓரளவு ஈடுகட்டலாம். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும்; நிறைந்த மகசூலுக்கு இன்னும் கூடுதல். அதுவரை தோப்புக்காரரோடு மரமேறுபவர், தேங்காய் உரிப்பவர், கயிறு திரிப்பவர், கொப்பரை வியாபாரி எல்லோருடைய வருமானமும் அடிபடும். கடனுக்கு வட்டி மட்டும் ஏறும். மரக்கணக்கில் தரப்படும் நிவாரணத்தில் இந்தக் கூலி இழப்பு சேராதது பெருங்கொடுமை. இனி வரும் புயல்கள் இன்னும் கடுமையாகலாம்: கடல் சூடேறச் சூடேறப் புயலுக்குக் கிடைக்கும் ஆற்றல் கூடுகிறது. காற்று 1 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும்; அது மழையாகக் கொட்டும். புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வருமுன் இன்னொரு கடும்புயல் வந்தால், மறுநடவுக்கு வாங்கிய கடனையும் அடைக்க வழியிருக்காது.