பே புல்ஸ் கடலில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள்

கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்லாந்துத் தீவின் கரைகளுக்கு ஆண்டுதோறும் யூன், யூலை மாதங்களில் கேப்லின் என்னும் சிறுமீன்கள் பெருங்கூட்டமாக வந்து சேருகின்றன. எங்கள் சாளை மீனளவேயான இவை அலையோடு மணலில் ஏறி முட்டையிடுபவை. ஊரவர் வாளிகளோடும் கைவலைகளோடும் கடற்கரையிற் கூடிவிடுவர். சற்று அப்பால் கடற்பறவைகளும் கொட் மீன்களும் அதே விருந்துக்குக் காத்திருக்கும். விருந்தினருள் மிகப் பெரியது கூன்முதுகுத் திமிங்கிலம். குளிர்காலத்தை டொமினிக்கன் குடியரசை அண்டிய வெப்பக் கடலில் ஏறக்குறைய உணவின்றியே கழித்துவிட்டு, பசியோடு வடக்கே வருகின்ற உயிர் அது.

கடந்த யூலையில் நண்பர்கள் சிலருடன் இக்காட்சியைக் காணச் சென்றோம். தலைநகர் சென் ஜோன்சிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பே புல்ஸ் துறையிற் படகேறினோம். யூலை மாதமாயினும் தடித்த மேலங்கியின்றி மேற்றட்டில் நிற்க இயலாது. விற்லெஸ் பே தீவுகளை அண்மித்ததும் வானமெங்கும் பஃபின் பறவைகள். வட அமெரிக்காவில் இப்பறவைகள் மிக அதிகமாகக் கூடுகட்டும் இடம் இதுவே. அவை சிறகடிக்கும் பாட்டைப் பார்த்தால், பறப்பதற்கென்று படைக்கப்பட்டவைதானா என்ற ஐயம் எழும்.

திடீரெனப் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகைச் செலுத்துதல் சட்டப்படி குற்றம். ஆனால் திமிங்கிலத்துக்கு அச்சட்டம் இல்லையே! முதலிற் கேட்டது மூச்சு. உலைக்களத் துருத்தியை ஒரேயடியாய் அமுக்கியது போன்ற ஓசை. பின் அழுகிய மீனின் வாடை. அதன் பின்னரே கரிய முதுகு எழுந்தது. பதின்மூன்று, பதினான்கு மீற்றர் நீளமிருக்கலாம். எம் படகோடு ஒப்பிட்டே அளந்தோம். அருகில் அதன் கன்று. தாயின் பக்கத் துடுப்புகள் நீருக்கடியில் இளம்பச்சையாய் ஒளிர்ந்தன. உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கு வரை வளரும் இத்துடுப்புகளை வைத்தே விஞ்ஞானிகள் இவ்வினத்துக்குப் 'பெருஞ்சிறகு' எனப் பொருள்படும் பெயரிட்டனர். படகிற் பேச்சு அடங்கிவிட்டது. சிறுவர்கள்கூட வாய் திறக்கவில்லை.

தாயின் வாலடியில் வெண்தழும்பொன்று வளையமாய்க் கிடந்தது. வலைக் கயிறு அறுத்த தடம் என்றார் படகோட்டி. 1970களின் பிற்பகுதியில் இக்கரையோரம் திமிங்கிலங்கள் மீன்வலைகளிற் சிக்குவது பெருந்தொல்லையாயிற்று. சிக்கிய விலங்கு மாண்டது. வலையையும் பருவத்து வருமானத்தையும் இழந்த மீனவன் கடனாளியானான். இவ்விரு துயரங்களுக்கிடையிற் புகுந்தவர் மெமோரியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் லீன். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த இவர், 1978 முதல் சிறு படகிற் சென்று, தத்தளிக்கும் திமிங்கிலத்தின் அருகே குனிந்து கயிறுகளை அகற்றினார். வலையை இயன்றவரை சிதையாமல் மீட்டு உரியவரிடம் கொடுப்பதும் அவரது நோக்கம். மீனவர் அவரை நம்பியது அதனாற்றான். திமிங்கிலங்களை எச்சரிக்க வலைகளிற் பொருத்தும் ஒலிக்கருவிகளையும் உருவாக்கினார். 2010 இல் அவர் மறைந்தபோது, அவரால் விடுவிக்கப்பட்டவை 500 க்கு மேல். விரிவுரை மண்டபத்திற் காலங்கழித்த எமக்கு இப்பேராசிரியர் மீது சிறிது பொறாமையும் உண்டு.

1992 யூலையில் கொட் மீன்பிடி நிறுத்தப்பட, பெரும்பாலான வலைகள் கரையேறின, பல்லாயிரவர் தொழிலிழந்தனர். எமது படகோட்டியும் ஒரு மீனவரின் மகனே.

இக்கடலை எம்மவர் வேறொரு காரணத்தால் அறிவர். இதே அவலோன் தீபகற்பத்தின் தென்முனையிலுள்ள சென் ஷொற்ஸ் ஊருக்கு அப்பால், 1986 ஓகஸ்ட் 11 ஆம் நாள், இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீன்பிடிப் படகுத் தலைவர் கஸ் டோல்ற்றனும் ஏனைய மீனவரும் மீட்டனர். அந்த 155 பேரில் ஒருவர் அன்று எம்முடன் வந்திருந்தார். அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். அதன்பின் இதுவரை கடலில் இறங்காதவர். பயணம் முழுவதும் கம்பியைப் பற்றியபடியே நின்றார். திமிங்கிலம் இரண்டாம் முறை மூச்செறிந்தபோது எம் பக்கம் திரும்பி, "தம்பி, அண்டைக்குப் புகாருக்குள்ளையும் இந்தச் சத்தம் கேட்டது. என்னெண்டு தெரியாமல் இரவு முழுக்கப் பயந்து கிடந்தம். இதுதானே அது?" என்றார். நாம் விடை கூறவில்லை. அவர் கம்பியை விட்டுவிட்டுப் படகின் மறுபுறம் நடந்து சென்று, கன்றைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

இறுதியில் தாய் வாலை உயர்த்தி ஆழத்துட் சென்றது. வாலின் அடிப்புறத்துக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு. எமது கைரேகை போன்றது. அமெரிக்காவின் பார் ஹாபரிலுள்ள அற்லாந்திக் கல்லூரியில் இவ்வாறு பதினாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்களின் வாற்படங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. நண்பர் பிடித்த படம் சற்றுக் கலங்கலாயினும் கோலம் தெளிவாகத் தெரிகின்றது. அதனை அங்கு அனுப்பியுள்ளோம். அத்தழும்புடைய தாயை இதற்குமுன் எவரேனும் எக்கடலிலேனும் கண்டிருக்கின்றனரா என்று அறிய அவர் எம்மிலும் ஆவலாய் இருக்கின்றார். வாரந்தோறும் தொலைபேசியில் விசாரிக்கின்றார். பதில் இன்னும் வரவில்லை.