குரோமத் தொட்டியும் உயிரணுவின் உட்கருவும்

ஓசூர் வட்டாரத்துப் பிளேட்டிங் பட்டறைகளில் குரோமத் தொட்டியருகே நின்று வேலை செய்வோர், விரலில் ஆறாத புண் கண்டால் களிம்பு தடவிக்கொண்டும், மூக்கின் நடுச்சுவரில் வலியின்றித் துளை விழுந்தாலும் அதைச் சளியென்றே எண்ணிக்கொண்டும், மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் மருத்துவரைக் கண்டபோதும் தம் தொழில் இன்னதென்று சொல்லாமலும் காலம் கடத்திவிடுகிறார்கள்.

அத்தொட்டியிலுள்ள ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், சல்பேட்டை ஒத்த வடிவத்தால் உயிரணுவினுள் எளிதில் நுழைந்து, அங்கே ரசாயன மாறுதலுற்று, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. மொத்தம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமான அந்த இழைகளை ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் சுருட்டித் தாங்குகின்றன. வேறு சில புரதங்கள் பழுது நீக்குகின்றன. பி53 என்னும் புரதமோ சேதம் கண்டவிடத்து உயிரணுப் பிரிதலை நிறுத்தி, பழுது தீராதாயின் அவ்வணுவையே மாய்க்க ஏவுகிறது. குரோமியம் அப்புரதங்களையும் டி.என்.ஏ.வோடு பிணைத்து முடக்கவல்லது. நெடுங்காலம் சேதம் மிகுந்து இக்காவல் தளர்ந்தால் நுரையீரலில் புற்று தோன்றக்கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே இவ்வகைக் குரோமியத்தைப் புற்று விளைவிப்பதென உறுதிசெய்தது.

விரலில் காணும் அந்தக் குரோமப் புண், அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய். அதைக் கண்ட மருத்துவர் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு எழுத்துமூலம் தெரிவிப்பது சட்டக் கடமை. அதைச் செய்யாத மருத்துவரும், அறிக்கை வராததால் நோயே இல்லையென்று கருதும் அதிகாரியும் மன்னிக்கத்தக்கவரல்லர். ஆகவே மருத்துவச் சீட்டில் “குரோம் பிளேட்டிங் தொழிலாளி” என்று எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் இத்தொழிலில் இருந்தவருக்கு வரும் குரோமிய நோய், மறுதலை நிரூபிக்கப்பட்டாலன்றி, தொழிலால் விளைந்ததெனவே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொடர்பான சட்டம் கொள்கிறது. இந்த ஆறு மாதத்தை மெய்ப்பிப்பதில்தான் காண்ட்ராக்ட் தொழிலாளர் பலர் தோற்கிறார்கள்: நியமனக் கடிதமில்லை, சம்பளச் சீட்டில் வெறும் “ஹெல்பர்” என்றிருக்கிறது, இடையில் காண்ட்ராக்டர் பெயரும் மாறிவிடுகிறது. நியமனக் கடிதத்தில் குரோமத் தொட்டி வேலை என்று குறிப்பிடச் செய்யுங்கள், மாதந்தோறும் சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் உங்கள் பெயரில் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். மீண்டும் சொல்கிறேன், வேலையின் பெயர் காகிதத்தில் இருக்கவேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். மனுவைப் பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வீட்டில் வையுங்கள். பட்டறைப் பெட்டியில் வைக்கவேண்டாம்.