மங்கோலியர் வென்றிருந்தால் தோற்றிருப்பது யார்?

1281 ஆகஸ்டில் தகாஷிமா தீவருகே மங்கோலியக் கப்பற்படையை அழித்த அந்தப் புயல் அடிக்காமல் இருந்திருந்தால்? ஜப்பான் வரலாற்றில் கற்பனைக்கு இதைவிடத் தோதான கேள்வி கிடையாது. ஆனால் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ வீடியோ கேம் உட்படப் பலரும் காட்டுவது ஒரே காட்சிதான்: எரியும் கிராமம், ஒற்றை ஆளாய் வாள் சுழற்றும் சாமுராய். படையெடுப்புக்கு அது சரி. படையெடுத்தவன் வென்று, தங்கி, வரி வாங்க ஆரம்பித்த பிறகு? அதற்குக் கற்பனை அவ்வளவு தேவையில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் கொரியா அதை வாழ்ந்தே தீர்த்தது.

கோர்யோ என்று அறியப்பட்ட அன்றைய கொரியாவும் ஜப்பானும் ஒரு விஷயத்தில் அச்சு அசல். இரண்டு நாட்டிலும் அரசர் பொம்மை. அதிகாரம் படைத்தலைவர்கள் கையில். ஜப்பானில் காமகூராவிலிருந்து ஹோஜோ குடும்பம் ஆண்டது போல, அங்கே சோ குடும்பம். 1231-ல் மங்கோலியர் நுழைந்ததும் அரசவையைக் கங்வா தீவுக்கு மாற்றி, ஊர் அழிவதைப் பற்றிக் கவலைப்படாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் போரை இழுத்தார்கள். 1258-ல் கடைசி சோ தலைவர் கொல்லப்பட்டார். மறு ஆண்டே பட்டத்து இளவரசர், பின்னாளில் மங்கோலியப் பேரரசரான குப்லாய் கானிடம் போய்ப் பணிந்தார். 1270-ல் மங்கோலியர் துணையோடு ராணுவ ஆட்சியே முடிவுக்கு வந்தது. பணிய மறுத்த படைப்பிரிவினர் ஜிண்டோ, ஜேஜு தீவுகளுக்கு ஓடி, ஜப்பானுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதி, 1273-ல் ஒழிந்தார்கள்.

ஆக, அங்கே அரியணை பிழைத்தது. அழிந்தது வாளேந்தியவர்களின் ஆட்சி.

பிழைத்ததற்கு விலை இருந்தது. 1272-ல், குப்லாயிடம் பணிந்தவரின் மகனான அடுத்த இளவரசர் தாய்நாடு திரும்பியபோது தலைமுடியைப் பின்னி, மங்கோலிய உடையில் வந்தார். பார்த்த ஜனம் பெருமூச்சு விட்டது, சிலர் அழுதேவிட்டார்கள். இரண்டே வருடத்தில் அவர் குப்லாயின் மருமகனாகி அரியணையும் ஏறினார்.

இதை அப்படியே கியோட்டோவுக்குக் கொண்டு போங்கள். 1270-ல் மங்கோலியருக்குப் பதில் கடிதம் எழுதித் தயாராக வைத்திருந்தது சக்கரவர்த்தியின் அரசவை. அனுப்பவிடாமல் தடுத்தது காமகூரா. போதாக்குறைக்கு அரச குடும்பமே இரண்டு கிளையாகப் பிரிந்து அரியணைக்கு முட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளைக்கு மகளைக் கொடுத்துச் சம்பந்தியாக குப்லாய்க்கு வலிக்குமா என்ன? தூதர்களின் தலையை 1275-லும் 1279-லும் வெட்டிய ஹோஜோக்களுக்குத்தான் மன்னிப்பே கிடைத்திருக்காது.

கோயில்களும் தப்பியிருக்கும். 1281 படையெடுப்புக்குக் கப்பல் கட்டிய சீனத் துறைமுகங்களில் ஒன்று சுவான்சௌ. அதே வருடம் அங்கே சிவனை எழுந்தருளச் செய்து, கானின் உடல்நலத்துக்காக என்று தமிழிலேயே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், தன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டால் கானுக்குப் போதும்.

பாடு முழுக்கக் குடியானவனுக்குத்தான். 1274-ல் நடந்த முதல் படையெடுப்புக்காக 900 கப்பல்களைச் சில மாதங்களில் கட்டிக்கொடுக்க, கொரியாவில் 30,000-க்கும் மேற்பட்டோரை வேலைக்குப் பிடித்தார்கள். ஜேஜு தீவு குதிரை மேய்ச்சல் நிலமானது. கியூஷுவின் அசோ புல்வெளிக்கும் அந்தக் கதிதான் வந்திருக்கும். நேற்று தோற்றவனை இன்றைய போரில் முன்னால் நிறுத்துவது குப்லாயின் வழக்கம். 1281-ல் தெற்கிலிருந்து வந்த படையில் பெரும்பகுதி சரணடைந்த சீன சோங் அரசின் வீரர்கள். அந்தக் கணக்குப்படி, 1293-ல் ஜாவா கரையில் இறங்கிய படையில் சாமுராய்களும் இருந்திருப்பார்கள்.

இந்தக் கதையைத் தொடங்கப் புயலை மட்டும் நிறுத்தினால் போதாது என்பது என் கட்சி. 1276-ல் ஹக்காட்டா வளைகுடாவில் சுமார் 20 கிலோமீட்டருக்குக் கல்சுவர் எழுப்பியிருந்தார்கள். ஜூனில் வந்த கப்பல்கள் ஆகஸ்ட் வரை கடலிலேயே தத்தளித்ததற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். கற்பனை செய்பவர்கள் முதலில் அதை இடிக்க வேண்டும்.

நிஜத்தில் ஜெயித்த காமகூராவின் கதை வேறு. வந்தவனை விரட்டியதில் பங்கு போட ஒரு காணி நிலம்கூடக் கிடைக்கவில்லை. 1274-ல் சண்டை போட்ட தகெசாகி சுவெனாகா என்ற வீரர், பரிசு கேட்டுக் காமகூரா வரை பயணம் போய் மன்றாடித்தான் நிலம் வாங்கினார். வாங்காதவர்களின் மனக்கசப்பு வளர்ந்துகொண்டே போனது. 1333-ல் அதே வீரர் கூட்டம் திரும்பித் தாக்க, ஹோஜோ குடும்பம் காமகூராவில் கூட்டமாக வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டது. சக்கரவர்த்தி கோதைகோ நேரடியாக ஆள ஆரம்பித்தார், மூன்றே வருடத்துக்கு.