குதிரையின் வாயில் ஒரு நெம்புகோல்

நாற்பது கிலோ எடையுள்ள சிறுவன் ஒருவன் நானூறு கிலோ எடையுள்ள குதிரையின் மேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் இருப்பவை இரண்டு தோல் வார்கள் மட்டுமே. அவற்றை மெல்ல இழுத்தால் குதிரை நிற்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் திரும்புகிறது. இதே சிறுவனும் இதே குதிரையும் கயிறு இழுக்கும் போட்டியில் இறங்கினால் என்ன ஆகும்? பையன் மணலில் கோடு போட்டுக்கொண்டே போவான்! அப்படியானால் குதிரை அவனுக்கு அடங்குவது எந்த விசையால்?

கேளம்பாக்கத்து மாணவர்கள் இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கிழக்கே சில கிலோமீட்டரில் கோவளம் கடற்கரை. இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். இந்தக் கடற்கரைகளில் சவாரிக் குதிரைகளைக் காணலாம். அடுத்த முறை பார்க்கும்போது அதன் கால்களை விட்டுவிட்டு வாயைக் கவனியுங்கள். தலையை வெடுக்கென்று மேலே எறியும் குதிரை, வாயைப் பிளந்தபடியே நடக்கும் குதிரை, நாக்கை ஒரு பக்கமாகத் தொங்கவிடும் குதிரை என்று பலவகை தென்படும். பார்ப்பவர்கள் ‘இது முரட்டுக் குதிரை, திமிர் பிடித்தது’ என்பார்கள். அது திமிர்தானா என்று ஆராய்வோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘கடிவாளம் போட்ட குதிரைபோல் நேராகவே பார்க்கிறான்’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். பக்கப் பார்வையை மறைப்பது கடிவாளம் அன்று. கண்ணருகே கட்டப்படும் தோல் மறைப்பு. கடிவாளம் என்பது வாய்க்குள் செல்லும் உலோகக் கம்பியும் அதைத் தாங்கும் தலைவாரும் சேர்ந்தது. கம்பியின் இரு முனைகளிலும் உள்ள வளையங்களில் கோக்கப்பட்டு ஓட்டுபவர் கைக்கு வரும் வார்தான் லகான்.

இந்தக் கருவி மிகப் பழமையானது. நாக்பூர் அருகே மாஹூர்ஜரியில் உள்ள பெருங்கற்காலப் புதைகுழிகளில் குதிரை எலும்புகளும், அவற்றுடன் கடிவாளக் கம்பிகளும் கிடைத்துள்ளன.

பல் இல்லாத இடம்

குதிரையின் வாயமைப்பு மனிதனுக்கு வசதியாக அமைந்துவிட்டது. புல்லைக் கடித்து அறுக்க முன்புறம் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப்பற்கள். அரைப்பதற்குப் பின்புறம் 24 கடைவாய்ப்பற்கள். இரண்டு வரிசைகளுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. ஆண் குதிரைக்கு மட்டும் அங்கே பெரும்பாலும் ஒரு கோரைப்பல் இருக்கும். கடிவாளக் கம்பி இந்த இடைவெளியில், நாக்கின் மேல் படுத்திருக்கிறது.

நாக்கு தடித்த மெத்தை போன்றது. ஆனால் அதன் இரு பக்கங்களிலும் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பு இருக்கிறது. அந்த எலும்பின் மேல் மெல்லிய ஈறு ஒன்றே போர்வை. உங்கள் முழங்கால் எலும்பின் முன்விளிம்பில் மேசைக்கால் இடித்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படிப்பட்ட இடத்தில்தான் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. நானூறு கிலோ உடலை நாற்பது கிலோ பையன் ஆள்வதன் இரகசியம் இதுவே. அவன் குதிரையை விசையால் நிறுத்தவில்லை. அதன் உடலிலேயே மிகவும் உணர்ச்சி மிகுந்த இடங்களில் ஒன்றுக்குச் செய்தி அனுப்புகிறான்.

நம் நாட்டு வண்டிமாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டுவதும் இதே தத்துவத்தில்தான்.

அழுத்தக் கணக்கு

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. ஒருவர் லகானை 50 நியூட்டன் விசையுடன் இழுக்கிறார் என்று கொள்வோம். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசைதான் இது. பருத்த, வழவழப்பான கம்பி வாயில் 5 சதுர சென்டிமீட்டர் பரப்பில் படிந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 10 நியூட்டன். இது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். மெல்லிய கம்பியாக இருந்து 1 சதுர சென்டிமீட்டரில் மட்டும் பட்டால், ஐந்து வளிமண்டலம். முட்கள் பதித்த கம்பியாக இருந்து, முட்களின் கூர்முனைகள் எல்லாம் சேர்ந்து 0.1 சதுர சென்டிமீட்டர்தான் என்றால், ஐம்பது வளிமண்டலம்! இழுக்கும் கை ஒன்றே, விசையும் ஒன்றே. வாய்க்குக் கிடைப்பது மட்டும் ஐம்பது மடங்கு.

இத்தகைய முள் கடிவாளங்கள் வடநாட்டில் வண்டிக் குதிரைகளுக்கும் ஊர்வலக் குதிரைகளுக்கும் போடப்பட்டு வந்தன. வண்டி இழுக்கும் மற்றும் பொதி சுமக்கும் விலங்குகளுக்காக மத்திய அரசு 1965இல் வகுத்த வதைத் தடுப்பு விதிகள், முள்ளோ கூரிய புடைப்போ உள்ள கடிவாளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்திருக்கின்றன. அந்தச் சட்ட விதிக்கு அடிப்படை நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அழுத்தப் பாடம்தான்.

விசையைப் பெருக்கும் கடிவாளம்

கடிவாளத்தில் இருவகை முக்கியமானவை. முதல் வகையில் லகான், வாய்க்கம்பியின் முனை வளையத்திலேயே கட்டப்படும். கையில் 30 நியூட்டன் என்றால் வாயிலும் 30 நியூட்டன்.

இரண்டாவது வகையில் வாய்க்கம்பியின் இரு முனைகளிலும் செங்குத்தாக ஒரு தண்டு உண்டு. தண்டின் கீழ்முனையில் லகான். மேல்முனையிலிருந்து ஒரு சங்கிலி, குதிரையின் மோவாய்க்குப் பின்னால் சுற்றிப் போகிறது. லகானை இழுத்ததும் தண்டு வாய்க்கம்பியை மையமாக வைத்துச் சுழல்கிறது; சங்கிலி மோவாயை இறுக்குகிறது. இது ஒரு நெம்புகோல் அல்லவா?

தண்டின் மேல்பகுதி 5 சென்டிமீட்டர், கீழ்ப்பகுதி 10 சென்டிமீட்டர் என்று கொள்வோம். வாய்க்கம்பியைச் சுழற்சிப் புள்ளியாக எடுத்துக்கொண்டால் இரு பக்கத் திருப்புத்திறன்களும் சமமாக வேண்டும். லகானின் 30 நியூட்டன் × 10 = சங்கிலியின் விசை × 5. ஆகவே சங்கிலியில் 60 நியூட்டன். லகானும் சங்கிலியும் தண்டைப் பின்னோக்கியே இழுப்பதால், வாய்க்கம்பி தாடை மேல் கொடுக்கும் விசை இரண்டின் கூட்டுத்தொகை: 90 நியூட்டன். மூன்று கிலோ எடை அளவுக்குக் கை இழுத்தால் வாய் ஒன்பது கிலோ எடையை உணர்கிறது. மோவாய் ஆறு கிலோவை உணர்கிறது. தேர்ந்த கையில் இது ஒரு சிறு சைகை. பயந்த கையில் இது பாக்குவெட்டி.

‘கெட்ட பழக்கங்கள்’

இனி குதிரையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். வாயில் வலிக்கிறது; கையால் எடுத்தெறிய அதற்குக் கை கிடையாது. என்ன செய்யும்?

தலையை மேலே எறியும். முகவாய் முன்னே நீளும்போது லகான் இழுக்கும் திசைக்கும் தாடைக்கும் உள்ள கோணம் மாறுகிறது. கம்பி ஈற்றை அழுத்துவதை விட்டு, உதட்டோரத்தை நோக்கி வழுக்குகிறது. ஈற்றுக்கு அந்தக் கணத்தில் நிம்மதி.

மோவாயை மார்போடு சேர்க்கும். லகான் தளர்ந்துவிடும், கையிலிருந்து செய்தியே போகாது.

நாக்கைக் கம்பிக்கு மேலே எடுத்துப் போடும். கம்பி மிகத் தாழ்வாகத் தொங்கினாலோ நாக்கை நசுக்கினாலோ இது நிகழும். நாக்கு தப்பித்துவிடும், ஆனால் மெத்தை போனதால் இரும்பு நேரே ஈற்றின் மேல் விழும். வலி கூடும், குதிரை மேலும் மிரளும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கம்பியைக் கடைவாய்ப்பற்களுக்கு இடையில் கவ்விக்கொள்வது. இப்போது இழுவிசை முழுவதையும் பற்கள் தாங்குகின்றன. ஈற்றுக்கு எதுவும் எட்டுவதில்லை. ஓட்டுபவர் எவ்வளவு இழுத்தாலும் அது நானூறு கிலோவுடன் கயிறு இழுக்கும் போட்டியாகிவிடுகிறது. அந்தப் போட்டியின் முடிவு நமக்குத் தெரியும்.

இவை ஒவ்வொன்றும், அழுத்தத்தைக் குறைக்கக் குதிரை கண்டுபிடித்த ஒரு வழி. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் பின்லாந்து நாட்டு வண்டிப் பந்தயக் குதிரைகள் 261இன் வாய்களைப் பந்தயம் முடிந்ததும் சோதித்தார்கள். ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குக் கம்பி படும் இடத்தில் புதுப் புண் இருந்தது. அவற்றில் பலவற்றின் வாய்க்கு வெளியே ஒரு துளி இரத்தமும் தெரியவில்லை!

பாடம் நடத்துபவர் யார்?

வலி ஒரு காரணம். மற்றொன்று, நாமே நடத்தும் பாடம். குதிரை இழுப்பதால் கற்பதில்லை. இழுப்பதை விடுவதால் கற்கிறது. அழுத்தம் நீங்கிய கணத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதுவே சரியான விடை என்று அது முடிவு செய்கிறது.

லகானை இழுத்தோம், குதிரை நின்றது, உடனே தளர்த்தினோம். ‘நின்றால் நிம்மதி’ என்று அது கற்கிறது. மாறாக, குதிரை தலையை எறிந்தது, பயந்துபோய்த் தளர்த்தினோம். ‘தலையை எறிந்தால் நிம்மதி’ என்று கற்கிறது. பத்து முறை நடந்தால் அது பழக்கம். குதிரை நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பது மூன்றாவது வகை. நின்றாலும் பயனில்லை என்பதே அது தரும் பாடம்.

விடாமல் இழுப்பதில் இன்னொரு கேடும் உண்டு. கைக்கடிகாரம் கட்டிய முதல் நிமிடத்தில் தெரியும் அழுத்தம் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறது அல்லவா? மாறாத தூண்டலை நரம்புகள் மெல்ல மெல்லப் புறக்கணிக்கின்றன. குதிரையின் வாயும் அப்படித்தான். ஓட்டுபவர் இன்னும் பலமாக இழுப்பார்; குதிரை கம்பியின் மேல் சாய்ந்துகொள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒருவர் சாய்ந்தால் மற்றவரும் சாய்ந்தே ஆகவேண்டும். ‘வாய் மரத்துப்போன குதிரை’ இப்படித்தான் உருவாகிறது. பிறகு அதற்குக் கடுமையான கடிவாளம் வாங்கி வருகிறார்கள்; கதை மறுபடி தொடங்குகிறது.

குதிரையை வாங்கினால் போதாது, பேணவும் தெரியவேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல்வழியே வாங்குவதாகவும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

பிய்த்துக்கொண்டு ஓடினால்

கம்பியைக் கவ்விக்கொண்டு ஓடும் குதிரையை நேரே இழுத்து நிறுத்த முடியாது. பயிற்சி பெற்றவர்கள் ஒரு பக்க லகானைக் கொண்டு அதைப் பெரிய வட்டத்தில் திருப்புகிறார்கள். ஏன்?

வட்டத்தில் ஓடும் பொருளுக்கு மையநோக்கு முடுக்கம் தேவை. அதன் அளவு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். குதிரை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடினால், 100 ÷ 20 = 5 மீட்டர்/விநாடி². புவியீர்ப்பு முடுக்கத்தில் இது பாதி. குதிரையும் பையனும் சேர்ந்து 440 கிலோ. ஆகவே குளம்புகள் மணலிலிருந்து 2,200 நியூட்டன் உராய்வு விசையைப் பக்கவாட்டில் பெறவேண்டும். குதிரை ஏறத்தாழ 27 பாகை உள்நோக்கிச் சாய வேண்டும். இது அதற்குக் கடினமான வேலை. தானே வேகத்தைக் குறைக்கும். வேகம் குறையக் குறைய வட்டத்தையும் சுருக்கலாம்.

எடுத்த எடுப்பிலேயே 5 மீட்டர் ஆரத்தில் திருப்பினால்? முடுக்கம் 20 ஆகிவிடும். புவியீர்ப்பைப் போல் இரு மடங்கு. எந்த மணலும் அந்த உராய்வைத் தராது. குதிரையும் ஆளும் சேர்ந்து விழுவார்கள்.

மருந்து எங்கே?

கெட்ட பழக்கத்துக்கு முதல் மருந்து, வாயைத் திறந்து பார்ப்பது. குதிரையின் கடைவாய்ப்பற்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈற்றிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும், அரைக்கும்போது தேயும். தேய்வு சீராக இல்லாவிட்டால் ஓரங்கள் கத்திபோல் கூராகும். மேல்பற்கள் கன்னத்தையும் கீழ்ப்பற்கள் நாக்கையும் கிழிக்கும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப்பல் வரிசைக்கு முன்னால், கம்பி இடிக்கும் இடத்திலேயே, ஒரு சிறு உபரிப் பல் முளைத்திருக்கும். இவற்றைச் சரிசெய்வது கால்நடை மருத்துவரின் வேலை. பல் வலிக்குச் சாட்டை மருந்தாகாது!

இரண்டாவது, கம்பியின் அளவு. குறுகலாக இருந்தால் உதட்டைக் கிள்ளும். அகலமாக இருந்தால் பக்கவாட்டில் வழுக்கி ஒரு பக்கமே அழுத்தும். வாயைத் திறக்காதிருக்க மூக்கைச் சுற்றி வாரை இறுக்கிக் கட்டுவது தீர்வு அன்று. புகார் சொல்பவரின் வாயைப் பொத்துவது போன்றது. அந்த வாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கவேண்டும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரியது. கேளம்பாக்கத்து உப்பளங்களை அறிந்த உங்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த கம்பியின் மேற்பரப்பு உப்புத்தாள் போன்றது. கடற்கரைக் குதிரையின் கம்பி துருவேறா எஃகாக இருப்பது நல்லது. எதுவாயினும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் செலவு.

நான்காவது, கை. சைகை சிறிதாக இருக்கட்டும். குதிரை செவிசாய்த்த கணத்திலேயே தளர்த்தப்படட்டும். கடற்கரையில் சவாரி செய்யும்போது விழாமல் இருக்க லகானைப் பிடித்துத் தொங்காதீர்கள். சேணத்தின் முன்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாய்க்குள் கம்பியே இல்லாத கடிவாளங்களும் உண்டு. அவை மூக்கெலும்பின் மேல் அழுத்தும். அங்கேயும் தோலும் எலும்பும் நரம்பும் இருப்பதால், முரட்டுக் கைக்கு அதுவும் முரட்டுக் கருவியே.

செய்து பாருங்கள்

நன்கு சீவிய பென்சிலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, கூர்முனை ஒரு விரலிலும் தட்டைமுனை மற்ற விரலிலும் படுமாறு நிறுத்தி மெல்ல அழுத்துங்கள். இரு விரல்களும் பெறும் விசை சமம். எந்த விரல் முதலில் முறையிடுகிறது? அழுத்தியபடியே அரை நிமிடம் வைத்திருங்கள். தட்டைமுனை விரலின் உணர்வு எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு: ஒரு கடிவாளத் தண்டின் மேல்பகுதி 4 செ.மீ., கீழ்ப்பகுதி 12 செ.மீ. லகானில் 20 நியூட்டன். மோவாய்ச் சங்கிலியிலும் தாடையிலும் உள்ள விசைகள் எவ்வளவு?

(விடை: சங்கிலியில் 60 நியூட்டன், தாடையில் 80 நியூட்டன்.)