கட்டணம்: 25 பிளாஸ்டிக்

பள்ளிக் கட்டணம் கட்டப் பணத்துக்கு எங்கே போவது என்று தவிக்கும் பெற்றோரை நாடெங்கும் பார்க்கலாம். அஸ்ஸாமில் குவாஹாட்டியை ஒட்டிய பமோகியிலோ, பர்ஸைத் திறக்காமல் குப்பைக்கூடையைத் திறந்து கட்டணம் செலுத்தினார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த மஜின் முக்தாரும் சமூகப்பணி படித்த பர்மிதா சர்மாவும் 2016இல் அங்கு அக்ஷர் பள்ளியைத் தொடங்கினார்கள். கல்குவாரிக்குக் கூலி வேலைக்குப் போன பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைப்பதே பெரும்பாடு. குளிர்காலம் வந்ததும் வகுப்பறைக்குள் புகை நுழைந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் குளிர்காய எரித்தது விறகை அல்ல, பிளாஸ்டிக்கை. அந்தப் புகை நஞ்சு என்பது எரித்தவர்களுக்குத் தெரியாது.

பிளாஸ்டிக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அதிகம் பேர் மசியவில்லை. இனாமுக்கு அவ்வளவுதான் மரியாதை போலும். பிறகு அதையே கட்டணமாக்கினார்கள்: வாரத்துக்கு 25 பிளாஸ்டிக் பொருட்கள். கூடவே, இனி எரிக்கமாட்டோம் என்று பெற்றோரின் உறுதிமொழி. பிளாஸ்டிக் பை பையாக வந்து சேர்ந்தது.

'மறுசுழற்சி' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் சின்னப் பிள்ளைக்கு அது இன்னொரு மனப்பாடச் சொல். வீட்டில் தேடி 25 எண்ண வேண்டும் என்றால் கதையே வேறு. எண்ணெய் டப்பாவுக்குக் காயலான் கடையில் காசு உண்டு. சிப்ஸ் உறையை யாரும் சீந்துவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அந்த அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. அத்தகைய உறைகளைத்தான் மாணவர்கள் காலி பாட்டிலில் இறுகத் திணித்து, கட்டுமானத்துக்கான 'செங்கல்' ஆக்கினார்கள்.

இது மறுசுழற்சியா? கறாராகச் சொன்னால் இல்லை. உறை உறையாகவே இருக்கிறது. உருக்கிப் பயன்படுத்தக்கூடிய பாட்டிலும் அதோடு முடங்கிவிடுகிறது. ஆனால் தீக்குப் போகவில்லை. பமோகியின் கவலை அதுதானே.

அதே 2016இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், ஒவ்வொரு வீடும் குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. எத்தனை வீடுகள் பிரித்தன என்பதை அவரவர் சமையலறையில் எட்டிப்பார்த்தாலே தெரியும்.

சரி, குவாரிக் கூலியை இழந்த குடும்பம்? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்தால் பொம்மை நோட்டில் சம்பளம். உள்ளூர்க் கடையில் அதைக் கொடுத்து உடை, பொம்மை, சாக்லேட் வாங்கலாம். சாக்லேட் உறை அடுத்த வாரக் கட்டணத்தில் ஏறியிருக்கும்!